ஐந்து நாள் பேச்சு

திருச்சுழிக்குத் தெற்கே மழையை நம்பிக் கிடக்கும் ஊரொன்றில் பால்ச்சாமி நாற்பது வெள்ளாடுகள் வைத்திருந்தார். அவர் மகள் பாண்டீஸ்வரி கால்நடை மருத்துவம் படிக்கப் போனதில் ஊராருக்கு வியப்பில்லை. குட்டி போட முடியாமல் தவிக்கும் ஆட்டின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று காதோரம் சொல்லிச் சொல்லியே அதன் நடுக்கத்தை நிறுத்திவிடுவாள்.

படிப்பின் கடைசி வருடத்தில் பயிற்சிக்கு இடம் கேட்டார்கள். கூடப் படித்தவர்கள் மாட்டுப்பண்ணை, கோழிப்பண்ணை என்று எழுதிக்கொடுக்க, அவள் மேற்கு மலையடிவாரத்தில் இருந்த சிறுத்தை மறுவாழ்வு மையத்தை எழுதினாள்.

"அதுகளுக்கு ஊசி போடவா போற?" என்று கேட்டார் பால்ச்சாமி.

"தாயில்லாத குட்டிகப்பா. வளத்துக் காட்டுல விடுவாக."

"கடிச்சுச்சுனா?"

"கடிக்கணும்ப்பா. கடிக்கத் தெரிஞ்சாத்தான் விடுவாக."

மையத்தில் அப்போது இரண்டு குட்டிகள் இருந்தன. தாய் மின்வேலியில் சிக்கிச் செத்துப்போயிருந்தது. ஆண் ஒன்று, பெண் ஒன்று. வயது ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் பெயர் கிடையாது, எண்தான். இரையைக் கதவுச் சந்து வழியாக விட்டுவிட்டு, முகம் காட்டாமல் திரும்பிவிட வேண்டும். சோப்பு வாசனைகூடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டிகளின் காது எட்டும் தூரத்தில் ஒரு சொல்லும் பேசக்கூடாது. மனிதக் குரல் கேட்டால் அவை ஓட வேண்டும். ஓடாத சிறுத்தை ஊருக்குள் வந்து நிற்கும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார் பொறுப்பு மருத்துவர் சௌந்தரபாண்டியன்.

இரண்டாம் மாதம் பெண்குட்டிக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. அசையவிடாமல் ஒடுக்கிப் பிடிக்கும் கூண்டில் அதை அடைத்து, மேலே சாக்கைப் போர்த்தி, தினமும் மருந்து ஏற்றினார்கள். பாட்டில் தீரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பாண்டீஸ்வரியின் வேலை. சாக்குக்கடியில் குட்டி நடுங்குவது கூண்டுக் கம்பியின் அதிர்வில் கேட்டது. ஊசி கழன்றுவிடுமோ என்று அவளுக்குப் பயம். சுற்றிலும் யாருமில்லை.

"ஒண்ணுமில்லடா," என்றாள் மெதுவாக. "ஒண்ணுமில்ல."

நடுக்கம் குறைந்தது. மறுநாளும் சொன்னாள். அதற்கடுத்த நாள் நடுங்குவதற்கு முன்பே சொன்னாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. குட்டி எழுந்து இரையைத் தின்றதைக் கேமராவில் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு சோதனை வைத்தார்கள். பணியாளர் ஒருவர் வேலிக்கு வெளியே பேசிக்கொண்டே நடந்தார். ஆண்குட்டி புதருக்குள் பாய்ந்து மறைந்தது. பெண்குட்டி காதை நிமிர்த்தி, வேலியோரம் வந்து உட்கார்ந்தது.

கேமராத் திரையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எதனால் என்று யாருக்கும் பிடிபடவில்லை. பாண்டீஸ்வரி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

"நாந்தான் சார் பேசுனேன்," என்றாள். "மருந்து ஏத்துறப்போ."

சௌந்தரபாண்டியன் நாற்காலியைத் திருப்பினார். "எத்தனை நாளும்மா?"

"அஞ்சு நாளு சார்."

அவர் திட்டவில்லை. "உன் பயிற்சி அறிக்கையில எழுதிரு," என்றார். எழுதினாள். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் மதிப்பெண் குறையாது என்று கல்லூரியில் ஒருவர் சொன்னார். அவள் எடுக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, அருப்புக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தபோது போன் வந்தது. ஆண்குட்டிக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை கட்டிக் காட்டில் விட்டாயிற்று. பெண்குட்டிக்கு எவ்வளவோ முயன்று பார்த்தும் மனிதப் பயம் வரவில்லை. உயிரியல் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் அங்கேதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பால்ச்சாமி கையிலிருந்த அகத்தித்தழைக் கட்டைக் கீழே வைத்தார்.

"நீ பேசலேனா பொழைச்சிருக்குமா?"

"பொழைச்சிருக்கும்ப்பா. மருந்துலதான் பொழைச்சுச்சு. அது நடுங்குனதப் பாக்க எனக்குத்தான் பொறுக்கல."

பால்ச்சாமி மகள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். ஆடுகள் அடையும்வரை இருவரும் எழவில்லை.

மறுவருடம் மையத்துக்குப் புதிதாக ஆறு மாணவர்கள் வந்தபோது, சௌந்தரபாண்டியன் அவளை ஒருநாள் வரச்சொன்னார். போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, லீவு போட்டுப் பஸ் ஏறினாள். அந்த ஆறு பேர் முன்னால் நின்று, எதையும் குறைக்காமல் ஐந்து நாளையும் சொன்னாள்.

முன்வரிசையிலிருந்த பெண் கேட்டாள்: "அத அப்புறம் போய்ப் பாத்தீங்களாக்கா?"

"இல்ல," என்றாள் பாண்டீஸ்வரி. "என் குரலக் கேட்டா எந்திரிச்சு வரும்."