மூடக்கூடாத பிரவுசர்

சாமுவேல் அண்ணன் போய்விட்டார். வியாழக்கிழமை காலை, கோபியில், அவர் வீட்டிலேயே. ஹார்ட் அட்டாக்.

நேற்று வரை அங்கேதான் இருந்தேன். இப்போதுதான் எழுதக் கை வருகிறது...

பல்லடத்தில் ஒரு கோழித்தீவன கம்பெனியில் அவரும் நானும் ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து டேபிள். அவர் ஸ்டோர்ஸ், நான் கம்ப்யூட்டர் செக்‌ஷன். புரோகிராமிங் எல்லாம் வீடியோ பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்ட மனுஷன்.

கற்றுக்கொண்டது அவர் மனைவி எஸ்தர் அக்காவுக்காக. சர்க்கரை வியாதியில் அக்காவுக்குப் பார்வை போய்விட்டது. அக்காவோ பேப்பர் படிக்காமல் காபி குடிக்காத ஆள்.

கம்ப்யூட்டரில் வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறதுதான். ஆனால் கொலைச் செய்திக்கு நடுவே நைட்டி விளம்பரத்தையும் சேர்த்து வாசிக்கும். "கொன்னவன் யாருன்னு சொல்றதுக்குள்ள ரெண்டு நைட்டி வித்துப்போடுதுங்க" என்பார் அக்கா.

அதற்காக அண்ணன் ஒரு ஆட்-ஆன் எழுதினார். பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் குட்டி மென்பொருள். விளம்பரத்தை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் வாசிக்கும். அருமையாக வாசித்தது.

சிக்கல் வேறு இடத்தில். பிரவுசர் கம்பெனியின் தளத்தில் அனுமதி வாங்காத ஆட்-ஆன் நிலையாக நிற்காது. கையால் ஏற்றலாம். பிரவுசரை மூடினால் போச்சு, திரும்ப ஏற்ற வேண்டும். அக்காவால் அது முடியாது.

அதனால் அந்த வீட்டில் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. யு.பி.எஸ். அரை மணி நேரம் தாங்கும்.

ஒருமுறை கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கல்யாணம். இலை போட்டாயிற்று. கரண்ட் போய் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று அக்காவின் போன். "வாரேன் எஸ்தரு" என்று எழுந்துவிட்டார். கோபிக்கு ரெண்டு மணி நேர பஸ். சாப்பிட்டுப் போங்கண்ணா என்றேன்.

"அவ சும்மாவே உக்காந்திருப்பா கண்ணு" என்றார்.

அனுமதிக்கு முதல் தடவை அனுப்பியபோது, எல்லாப் பக்கத்தையும் படிக்க எதற்கு அனுமதி கேட்கிறாய் என்று ரிஜெக்ட். "படிக்காம எப்படி கண்ணு வாசிக்கிறது?" என்று என்னைக் கேட்டார். அடுத்து பிரைவசி பாலிசி எங்கே என்றார்கள். "யாரோட தகவலும் எடுக்கறதில்லீங்க, எடுத்தாலும் வெச்சுக்க எடமில்லீங்க" என்று அப்படியே எழுதி அனுப்பப் பார்த்தார். தடுத்துவிட்டேன்.

மூன்றாவது தடவைதான் நொந்துபோனார். புரோகிராமை யாருக்கும் புரியாதபடி மறைத்து எழுதியிருக்கிறாய் என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஒன்றையும் மறைக்கவில்லை. உள்ளே ஒவ்வொரு கட்டளைக்கும் வைக்கும் பெயர்களை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் நம் ஊர்ப் பேச்சாக வைத்திருந்தார். படிச்சுபோடு, நிறுத்திபோடு, வெளம்பரத்தத் தள்ளு... "இதுல மறைக்கறக்கு என்ன கண்ணு இருக்குது?"

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் ஒரு மாதம் டிக்‌ஷனரியோடு உட்கார்ந்து அத்தனை பெயரையும் மாற்றி, மறுபடி அனுப்பினார்.

துக்க வீட்டில் குளிர்பெட்டிக்கு பிளக் பாயின்ட் தேடினார்கள். யாரோ கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிவிட்டுச் சொருகினார்கள். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என்ன சொல்ல முடியும்?

அடக்கம் முடிந்த மறுநாள் அக்கா மெதுவாகக் கேட்டார். "தம்பி, அதைக் கொஞ்சம் ஏத்திக் குடுக்கறீங்களா?"

ஏற்றினேன். அப்போதுதான் அண்ணனின் மெயிலைப் பார்த்தேன். அவர் போவதற்கு முந்தின நாள் பிரவுசர் கம்பெனியின் பதில் வந்திருக்கிறது. திறக்காமலே கிடந்தது.

எல்லாம் சரியாம். எழுதியவர் நீங்கள்தான் என்று உங்கள் போனில் உள்ள ஆப்பில் உறுதி செய்யுங்கள், பதினாலு நாளுக்குள். போனைத் திறக்கும் பேட்டர்ன் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

என் பெயரில் அனுப்பலாம் என்றால், இன்னொருவர் அனுப்பியதன் நகலை ஏற்க மாட்டார்களாம். விஷயத்தைச் சொல்லி எழுதினேன். கணக்குக்கு உரியவர்தான் எழுத வேண்டும் என்று மெஷின் பதில் போடுகிறது. திரும்ப எழுதினேன். அதே பதில். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது... யாரைத் திட்டுவது?

கிளம்பும்போது அக்கா வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். "நான் மூடாமத்தான் வெச்சிருப்பனுங்க தம்பி. கரண்ட் போனா மட்டும் கூப்புடட்டுங்களா?"

கூப்பிடுங்கக்கா என்றேன்.

கோவைக்கு வந்துவிட்டேன். கோபியில் மத்தியானத்திலிருந்து மழை என்கிறார்கள். போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

போய் வாங்கண்ணா...