வெள்ளாற்று மணலில் எங்கள் வீட்டு வேன்

1963 ஐப்பசியில் பத்து நாள் விடுப்பு கிடைத்தது. தெரிந்தவர்கள் எல்லாம் கொடைக்கானல் போக, நானும் என் மனைவி கமலாவும் புதுக்கோட்டைப் பக்கம் கிளம்பினோம். ஏலத்தில் எடுத்த பழைய வேனுக்குள் இருவர் படுக்கப் பலகையும் மண்ணெண்ணெய் அடுப்பும் வைத்திருந்தேன். அவசரமே இல்லாத பயணம். பிடித்த இடத்தில் நிறுத்திச் சமைப்போம், தூங்குவோம்.

அன்னவாசலில் இரண்டு நாள் தங்கிச் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்தோம். மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்கு ஜெகதாப்பட்டினம் கடலைப் பார்க்கப் புறப்பட்டோம். மணிக்கு இருபது மைலுக்கு மேல் எங்கள் வண்டி போகாது. அறந்தாங்கி தாண்டி வெள்ளாற்றுக்கு வரும்போது மணி பதினொன்று. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. மரநிழலைப் பார்த்து மணலில் வண்டியை இறக்கினேன்.

உலை கொதிக்கும்போது கரையில் பனையோலை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தினார்.

"வண்டிய எடுங்க! மேக்க பெருமழையாம். தண்ணி வருது!"

வண்டியைக் கிளப்பினேன். சக்கரம் சுற்றியதே தவிர நகரவில்லை. பாதி வரை புதைந்துவிட்டது. கமலா பின்னாலிருந்து தள்ளினாள். மேற்கே இரைச்சல் கேட்டது. வளைவில் செம்மண் நிறத்தில் தண்ணீர் தெரிந்தது.

"விட்டுட்டு ஏறிடலாம், கமலா!" என்றேன். அதற்குள் அந்தப் பெண் ஓலைக்கட்டோடு இறங்கி வந்து சக்கரத்தடியில் பரப்பினார்.

"என்னத்தங்க பாக்குறீங்க? ஓலை மேல ஏத்துங்க!"

கமலாவும் ஓடிப்போய் ஓலை சுமந்து வந்தாள். நாலாவது ஓலைக்கட்டைப் போட்டதும் சக்கரம் பிடித்தது. வேனைக் கரையேற்றித் திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண்ணுக்கு முழங்கால் அளவு தண்ணீர். கமலா அவர் கையைப் பிடித்து இழுத்து மேலேற்றினாள். ஓலையெல்லாம் ஆற்றோடு போயிற்று.

அவர் பெயர் அழகம்மாள். "கூரையப் பிரிச்சுப் போட்டுருக்கோம். நாளைக்கு வேயுறதுக்கு வச்சிருந்த ஓலைங்க" என்றார். பணத்தை எடுத்து நீட்டினேன்.

"துட்ட வச்சு மழைய மறைக்க முடியுமாங்க?"

அன்று மதியமே ஓலை ஏற்ற இடம் வேண்டி வேனில் இருந்த பலகைகளைக் கழற்றி வைத்தோம். அவருடைய கணவர் பனையேறி ஓலை வெட்டிப் போட, இரண்டு நாள் நாங்கள் மூவரும் வேனில் ஏற்றி இறக்கினோம். கூரை முடிந்த மறுநாளே அடைமழை. உள்ளே உட்கார்ந்து நால்வரும் கேப்பைக்கூழ் குடித்தோம்.

கடலைப் பார்க்கவில்லை, மழை விடுவதற்குள் விடுப்பு தீர்ந்துவிட்டது. நீங்கள் ஐப்பசியில் அந்தப் பக்கம் போனால், காய்ந்த ஆற்றில் வண்டியை இறக்குமுன் கரையில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் இறங்கினேன். அழகம்மாள் கேட்காமலே தன் கூரையைத் தந்தார்.