பூங்காவனத்தின் ஆறு பன்றிகள்

புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோன பிறகு, காஜா பெராங் ஊரில் பூங்காவனத்துக்கு மிஞ்சியவை ஆறு பன்றிகள்தான். அக்கம்பக்கத்துப் பன்றிகளோடு கலந்துவிடாதிருக்க, ஒவ்வொன்றின் இடது காதிலும் கத்தியால் ஒரு வெட்டு போட்டிருந்தாள். வீடு வீடாகக் கழனித்தண்ணீர் வாங்கி ஊற்றித்தான் அவற்றை வளர்த்தாள்.

ஒருநாள் பெரிய பன்றிக்குக் காய்ச்சல் கண்டது. தோலெல்லாம் சிவந்து மறுநாளே செத்தது. பக்கத்து வீட்டு ஜெயபாலனைக் கூப்பிட்டு, மரவள்ளிக் கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தாள்.

"என்னக்கா, இம்புட்டுக் கறிய மண்ணுல போடுறீங்களே!" என்றான் அவன்.

"சீக்குப் பன்னிடா. ஒன்னுக்கு வந்தா எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிரும். தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!"

மறுநாள் காலை ஜெயபாலன் வீட்டுக் கழனி வாளி நிறைந்திருந்தது. எப்போதும் கால் வாளிகூடத் தேறாத வீடு அது. இவனுக்கும் மனசு வந்துவிட்டதே என்று தூக்கிவந்து தொட்டியில் கவிழ்த்தாள். ஐந்தும் முண்டியடித்துத் தின்றன.

அப்போதுதான் தொட்டியில் வெந்த காது ஒன்று மிதந்தது. அதில் அவள் போட்ட வெட்டு.

பிடுங்கக் கையை விட்டாள். அதற்குள் குட்டி அதைக் கவ்விக்கொண்டது.