விஜயதசமியன்று விழுந்த சர்வர்

அந்த சர்வர் ஏன் விழுந்தது என்று யாராவது கேட்டால், இன்றும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. பதில் அதற்குப் பிறகுதான்.

எம்.சி.ஏ. முடித்துவிட்டு, அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் டவுன் பஸ் பிடித்து, அல்லிநகரம் பக்கம் ஒரு பஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தைத் தாண்டிய வருடங்கள். சென்னைக்குப் போகும் ராத்திரி பஸ்களுக்கான டிக்கெட் முன்பதிவு, ஜாவாவில் எழுதிய ஒரு சர்வரில் ஓடியது. கம்பம், தேவாரம், உத்தமபாளையம் என்று கிளைகளில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் உட்கார்ந்து, எந்த சீட் காலி என்று பதில் சொல்வது அதன் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதுவும் தற்காலிகம். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் கூட்டத்தை சர்வர் தாங்கிவிட்டால் நிரந்தரம் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் வீட்டுக்கு வந்த வரன்களையெல்லாம் தள்ளிப்போட்டிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று ஸ்பேனர், ஜாக்கியோடு சேர்த்து சர்வரையும் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில்தான் ஆன் செய்ய வேண்டும். நான் முதலாளியிடம் போய் நின்றேன்.

"மொதலாளி, கொஞ்சம் முன்னாடியே ஆன் பண்ணிக்கிறேன். நானே எல்லாத்தையும் பலதடவ ஓட்டிப் பாத்துட்டா சூடாகிரும். அப்புறம் கிளைகள ஒண்ணொண்ணா உள்ள விடலாம்."

"சாமிக்கு முன்னாடி வச்சத நேரத்துக்கு முன்னாடி தொடலாமா ஆத்தா?"

குமுளி மலை ஏறும் பஸ்ஸை எஞ்சின் சூடாகாமல் எடுத்தால் டிரைவரை நடுரோட்டில் நிறுத்தித் திட்டுகிற மனுஷர் இவர். ஜாவாவும் அப்படித்தான். கிளம்பும்போது மந்தமாக இருக்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் அந்தப் பகுதியை இயந்திர மொழிக்கு மாற்றிக்கொண்டு வேகம் பிடிக்கும். சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நல்ல நேரம் முதலாளிக்கு மட்டும் சொந்தமா? கிளைகளிலும் முதல் டிக்கெட்டை அதே நேரத்தில் போட வேண்டுமென்று மவுஸில் கை வைத்துக் காத்திருந்தார்கள். முதலாளி கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தன் கையாலேயே பட்டனை அழுத்தினார். சர்வர் கண் விழித்த உடனே கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் ஒன்றாக அதன்மேல் விழுந்தது. டேட்டாபேஸுக்குப் போகிற இணைப்புகள் கொஞ்சம்தான்; சூடாகாத சர்வர் ஒவ்வொன்றையும் மெதுவாகத்தான் விட்டது. அவை நிறைந்ததும், பின்னால் வந்த கோரிக்கைகள் ஒவ்வொன்றும் நினைவகத்தில் இடம் பிடித்துக்கொண்டு காத்து நின்றன. பதில் காணோமே என்று கிளைக்காரர்கள் திரும்பத் திரும்ப அமுக்கினார்கள். நினைவகம் நிரம்பி, வேலை முடிந்த தகவல் குப்பையைக் கூட்டித் தள்ளவே சர்வருக்கு நேரம் போதவில்லை. கடைசியில் அசைவே இல்லை.

போன்கள் அலறின. மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏத்தா, கம்பத்துல ஆளுக கிடந்து கத்துறாக. நீ சுத்தமாத்தான இருக்க? அங்கன பூஜையில வந்து நின்னியே?"

உடம்பெல்லாம் எரிந்தது. சர்வர் அறைக்குள் போய், கிளைகளிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினேன். டேட்டாபேஸ் இணைப்புகளின் எண்ணிக்கையை அதிகமாக்கி, சர்வரை மறுபடி கிளப்பி, முன்பதிவுப் பக்கங்களை நானே திரும்பத் திரும்ப ஓட்டினேன். கூப்பிடும்வரை யாரும் தொடக்கூடாது என்று கிளைகளுக்குப் போனில் சொல்லிவிட்டு, கேபிளைச் செருகி, ஒவ்வொருவராக உள்ளே விட்டேன். மதியத்துக்குள் ஓட்டம் சீரானது. அதற்குள் வாசலில் இன்னொரு பூசணிக்காயை உடைத்திருந்தார்கள். நல்ல பெயரைப் பூசணிக்காய் தட்டிக்கொண்டு போனது.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு நிரந்தர உத்தரவைக் கையில் கொடுத்தார்.

"ஒரே ஒரு விசயம் தாயி. மாசத்துல அந்த மூணு நாளு மட்டும் சர்வர் ரூம் பக்கம் வந்துராத. மேனேஜரு சொல்றாக. நல்லதுக்குத்தான்."

"இன்னைக்கு ரெண்டாவது நாளு, மொதலாளி," என்றேன். "காலையில நீங்க உங்க கையால ஆரம்பிச்சது படுத்துருச்சு. இப்ப ஓடிக்கிட்டு இருக்கறது நான் தொட்டது."

அவர் முகம் சுண்டிப்போனது. கை நீட்டி உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சர்வரை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை.