சார்ஜாவிலிருந்து வந்த அடுப்பு

ஜன்னத்தைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவே சொல்லும். பெரம்பலூருக்குப் புறப்பட்டு பஸ் ஸ்டாப் வரை போனவள், கேஸை மூடினோமா என்று திரும்பி ஓடி வருவாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. சின்ன வயதில் அவள் கண்ணெதிரே பம்பு ஸ்டவ் வெடித்து, அக்காள் ஃபஹ்மிதாவின் கை வெந்துபோனது. அன்றிலிருந்து பிஸ்மி சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

அவள் கணவர் அப்துல் சுக்கூருக்குச் சார்ஜாவில் ஒரு கடையில் வேலை. மகள் ஃபர்ஹா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எட்டு மாசம். பார்க்க நாலு பேர் வருவார்களே என்று, கார்கோவில் ஒரு கண்ணாடி அடுப்பு அனுப்பி வைத்தார். நாலு பர்னர். தெரு எலக்ட்ரீஷியன் ராஜேஷ் வந்து சமையல் மேடைக் கல்லை அறுத்துப் பதித்துக் கொடுத்தான். பழைய அடுப்பு அன்றைக்கே இரும்புக்கடைக்குப் போய்விட்டது.

பற்ற வைத்ததும் ஜன்னத் இரண்டு எட்டுப் பின்னால் போனாள். தீ நீலமாக இல்லை. மஞ்சளாக, ஒரு சாண் உயரத்துக்கு ஆடியது. பால் பாத்திரத்தின் அடி கரிச்சட்டி மாதிரி ஆகிவிட்டது.

போனில் காட்டினாள். சுக்கூர் சிரித்தார்.

"ஃபாரின் அடுப்பு அப்படித்தான் எரியும். நீ தீப்பெட்டியக் கண்டாலே ஆயத்துல் குர்ஸி ஓதுறவ."

"என்னங்க, பாத்திரமெல்லாம் கரியாவுது. எனக்கு என்னமோ சரியாப் படல."

"அத்தா, நீங்க விடுங்க. அடுப்புக்குப் பயப்படுறதுல பாதி உங்களப் பத்திப் பயந்திருந்தா, அம்மா உங்கள எப்பவோ ஊருக்கு வர வச்சிருப்பாங்க" என்றாள் ஃபர்ஹா.

ஜன்னத்தும் சிரித்து வைத்தாள். ஆனால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டாள். கொல்லையில் மூன்று கல்லை வைத்து இரண்டு நாள் விறகில் சமைத்தாள். பெரம்பலூரில் அடுப்பு ரிப்பேர் பார்க்கும் மாயவனுக்குப் போன் போட்டாள். மறுநாள் சாயங்காலம் வருகிறேன் என்றார் அவர்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு ஜன்னத் பாயை விரித்தாள். விறகுப் புகையில் அம்மாவுக்குக் கண் சிவந்து கிடக்கிறதே, தொழுது எழுவதற்குள் ஒரு டீ போட்டுக் கொடுப்போம் என்று ஃபர்ஹா அடுப்படிக்குப் போய் ரெகுலேட்டரைத் திறந்தாள்.

ஜன்னத் இரண்டாவது ரக்அத்தில் சஜ்தாவில் இருந்தாள். டக், டக், டக் என்று அடுப்புக் குமிழைத் திருகும் சத்தம். பற்றவில்லை. மறுபடி டக், டக். பிறகு பொப்பென்று ஒரு சத்தம்.

நெற்றி பாயில் பதிந்தபடியே கிடந்தாள். எழுந்து ஓடவா? இந்த வயது வரைக்கும் ஒரு தொழுகையை நடுவில் முறித்ததில்லை. நெருப்புக்குப் பயந்து அல்லாஹ்வின் முன்னிருந்து ஓடுவதா? எல்லோரும் சொல்கிற என் வெத்துப் பயம்தானே இது? ஃபர்ஹாவின் குரல் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

தொழுகையை முடிக்கும் சலாம் கொடுக்காமலே எழுந்து ஓடினாள்.

அடுப்புத் தீ மேலே இருந்த அலமாரித் தட்டைத் தொட்டிருந்தது. தட்டில் விரித்திருந்த பேப்பர் எரிந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. ஃபர்ஹா ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. துப்பட்டாவின் முனை கருகிப் புகைந்தது. வெளியே வர வேண்டுமென்றால் அடுப்பைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"யா அல்லாஹ்!"

ஜன்னத் தரையோடு தரையாகத் தவழ்ந்தாள். முதுகில் எரிந்த பேப்பர் விழுந்தது. மேடைக் கல்லுக்கு அடியில் கையை விட்டு ரெகுலேட்டரைத் திருகினாள். தீ படுத்தது. குடத்துத் தண்ணீரை அலமாரி மேலும் துப்பட்டா மேலும் ஊற்றிவிட்டு, ஃபர்ஹாவை வெளியே இழுத்து வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பிள்ளை உதைத்தது. அப்போதுதான் ஜன்னத்துக்கு அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் மாயவன் வந்தார். பர்னரைக் கழற்றி, கேஸ் வரும் ஓட்டையுள்ள பித்தளைத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சிலிண்டருக்கு உள்ள அடுப்பே இல்லம்மா. அங்க குழாய்ல வருது பாருங்க, அந்த கேஸுக்கு உள்ளது. ஓட்ட பெருசு. நம்ம கேஸ அதுல வுட்டா வூட்டக் கொளுத்திரும். யாரு மாட்டுனது?"

"ராஜேஷு."

"அவன் ஃபேன் மாட்டுறவன். அவனப் போயி..."

மாயவன் சொன்னதை ஜன்னத் போனில் சுக்கூரிடம் சொன்னாள். "நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும், ஜன்னத்" என்றார் அவர்.

அவள் போனை மகளிடம் கொடுத்துவிட்டாள். முகம் தெளியவில்லை.

"இன்னும் என்னம்மா? உசுரக் காப்பாத்த தொழுகைய முறிக்கலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே பயான்ல சொன்னாங்களே."

"முறிச்சதுக்கு இல்லடி" என்றாள் ஜன்னத். "சத்தம் கேட்டும் யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேனே. நீங்கல்லாம் சிரிப்பீங்கன்னு கெடந்தேன். இன்னும் ரெண்டு மூச்சு கெடந்திருந்தா?"

ஃபர்ஹா அம்மாவின் முதுகில் ஒட்டியிருந்த பேப்பர்க் கரியைத் தட்டிவிட்டாள்.

பொழுது சாய்ந்து வரும் மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஜன்னத் மறுபடி முகம் கை கால் கழுவி ஒளூச் செய்து, விட்ட அஸரைத் தொழப் பாயில் நின்றாள். ஃபர்ஹா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா சஜ்தாவுக்குக் குனிந்தபோதெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இங்கதாம்மா இருக்கேன். இங்கதான் இருக்கேன்."