லீலா வாயை அடைத்த ப்ரோகிராம்

புனே பக்கம் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் லீலாவை முப்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது, சனி பிடிக்கிற மாதிரி. 2001-இல் அவள் டைப்பிஸ்டாக இருந்த கம்பெனியில் டைப்ரைட்டர்களை ஓரங்கட்டினார்கள். ஆட்களின் பெயர்ப் பட்டியலுக்கு ப்ரோகிராம் எழுதிக் காட்டினால் கம்ப்யூட்டர் பிரிவு, இல்லாவிட்டால் குடோன் என்று சொல்லிவிட்டார் மேனேஜர் குல்கர்னி. குடோனில் மூட்டை எண்ண லீலாவுக்கு உயிரே போனாலும் இஷ்டமில்லை.

மாலை வகுப்பில் விஷுவல் பேசிக் கற்றாள். பெயரை மூன்று துண்டாக்க வேண்டும்: தன் பெயர், அப்பா அல்லது புருஷன் பெயர், குடும்பப் பெயர். எழுதி ஓட்டினால் பாதியில் ‘ரன்டைம் எரர் 9’ என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. பத்து நாளும் அதே பெட்டி. கீபோர்டைத் தூக்கி அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

கூடப் படித்த ராஜிதான் வழி சொன்னாள். “மேல ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’னு ஒரு வரி போடுக்கா. எது தப்பானாலும் கண்டுக்காம அடுத்த வரிக்குப் போயிடும்.”

போட்டாள். நானூறு பெயரும் மளமளவென்று ஓடின. குல்கர்னி முதல் பக்கத்தை மட்டும் பார்த்து “ஷாபாஷ்!” என்றார்.

அடுத்த வாரம் அந்தப் பட்டியலிலிருந்தே கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றல் ஆர்டர் அச்சாகி வந்தது: லீலா கோவிந்தராஜ் ஷிண்டே.

புருஷன் கோவிந்தராஜ் வாங்கிப் படித்தான். “யாருடி இந்த ஷிண்டே? எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“சும்மா இருங்க, எரிச்சலக் கெளப்பாதீங்க!”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மராட்டிக்காரர்களுக்குப் பெயரில் மூன்று துண்டு. தமிழர்களுக்கு ஏது மூன்றாவது? இல்லாததைத் தேடி ப்ரோகிராம் கத்தியிருக்கிறது. இவள் அதன் வாயை அடைத்ததும், பட்டியலில் முந்தைய ஆளின் குடும்பப் பெயரையே எடுத்து ஒட்டிவிட்டது. இன்னும் பதினோரு தமிழர்களுக்கு இதே கதி. தமிழச்சியாக இருந்தும் தன் பெயருக்கே இடம் வைக்காமல் எழுதியது அவமானமாக இருந்தது.

மறுநாள் கொண்டுபோய்க் காட்டியபோது, ஆர்டரை மட்டும் வேறு அடித்துத் தருவதாகச் சொன்னார் குல்கர்னி. வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. பட்டியலே தப்பு, தப்பு தன்னுடையது என்று இந்தியில் சொல்லிவிட்டாள். அவர் ஆர்டரை மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். சரிசெய்யும்வரை குடோன்தான் என்றார்.

அன்று மாலை லீலா அந்த ஒற்றை வரியை அழித்துவிட்டு ஓட்டினாள். பெட்டி வந்து நின்றது.

“சொல்லித் தொலை,” என்றாள்.