தேசப்பன் சொல்லச் சொன்ன காரணம்

தேசப்பன் திருத்தணி மலையில் பதினோரு வருஷம் டோலி தூக்கியவன். படியேற முடியாத கிழவர்களையும், நோயில் கிடந்து எழுந்தவர்களையும், கால் விளங்காதவர்களையும் மூங்கில் தண்டில் கட்டித் தொங்கவிட்ட பலகையில் உட்காரவைத்து மேலே கொண்டுபோவான். தரிசனம் முடிந்ததும் கீழே இறக்கிவிடுவான். முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். தேசப்பன் முன்னாள். பின்னாள் பச்சையப்பன். தேசப்பனின் அத்தை மகன், அதனால் ‘பாவா’ என்று கூப்பிடுவான்.

அந்த வேலையில் சட்டை போட முடியாது. தோளில் ஒரு துணிச் சும்மாடு, இடுப்பில் வேட்டி, அவ்வளவுதான். படி ஏறும்போது முன்னாளின் முதுகு பின்னாளின் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். பச்சையப்பன் அந்த முதுகைத் தினமும் பார்த்தான். அதில் எது எப்போது புதிதாக வந்தது என்பது அவனுக்குத் தெரியும். கேட்டதில்லை. ஒருமுறை மட்டும், இடுப்புக்கு மேலே வரிசையாக மூன்று தடிப்புகளைக் கண்டு, “இன்னா பாவா இது?” என்றான்.

“தண்டு ஒரசுது.”

“தண்டு அவ்ளோ கீழ எறங்கி வந்து ஒரசுதா?”

முதுகைப் பற்றி யார் கேட்டாலும் தேசப்பன் சொன்ன பதில் தண்டுதான். பச்சையப்பனும் விட்டுவிட்டான். விட்டது பெருந்தன்மையால் அல்ல. மேற்கொண்டு கேட்டால் சிரிக்க வேண்டியிருக்கும், சிரித்துவிட்டு மறுநாள் முழுவதும் அந்த முதுகைப் பார்த்து நடக்க முடியாது என்பதுதான் காரணம்.

தேசப்பனை அடித்தவள் அவன் மனைவி எல்லம்மாள். அவளைப் பொல்லாதவள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் சரியாக இருக்காது. நாற்று நடவில் இரண்டு பெண்கள் நடுவதை அவள் ஒருத்தி நடுவாள். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் தன் பானையில் இருந்து பாதியைக் கொண்டுபோய் வைப்பாள். கோபம் வந்தால் கையில் இருப்பது எதுவோ அதால் அடிப்பாள். அகப்பை, விறகு, ஒருமுறை தண்ணீர்ச் செம்பு. கல்யாணமான இரண்டாம் வருஷம் ஆரம்பித்தது, ஏழாம் வருஷத்திலும் நிற்கவில்லை. தேசப்பன் திருப்பி அடித்ததில்லை. இதைப் பொறுமை என்று சிலர் சொன்னார்கள், கையாலாகாத்தனம் என்று பலர் சொன்னார்கள். அவனிடம் யாராவது கேட்டிருந்தால், முன்னூற்று அறுபத்தைந்து படி தூக்கிக்கொண்டு வந்தவனுக்குச் சண்டை போட மிச்சம் எதுவும் இருப்பதில்லை என்று சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

மலையடிவாரத்தில் டோலிக்காரர்கள் காத்திருக்கும் மரத்தடியில் அது நிரந்தரமான வேடிக்கையாகிவிட்டது. “தேசப்பா, இன்னிக்கி வூட்ல பூசை ஆச்சா?” என்று ஒருவன் ஆரம்பிப்பான். “ஆங், தீபாராதனை மட்டும் பாக்கி” என்று இன்னொருவன் முடிப்பான். தேசப்பனும் அவர்களோடு சிரிப்பான். அப்படிச் சிரித்தவர்களில் இரண்டு பேர் தங்கள் மனைவிகளை அடிப்பவர்கள். அது ஊருக்கே தெரியும். அதைப் பற்றி யாரும் வேடிக்கை பேசியதில்லை, கண்டித்துப் பேசியதும் இல்லை. ஒன்று பேசக்கூடாத விஷயமாகவும் மற்றது சிரிக்கவேண்டிய விஷயமாகவும் ஒரே மரத்தடியில் இருந்தன.

சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஜனங்கள் ரயிலேறிக் கிளம்பிய நாற்பத்திரண்டாம் வருஷக் கோடையில் டோலிக்கு ஓய்வே இல்லை. திருத்தணியில் வீடு பிடித்துத் தங்கியவர்களின் வீட்டுக் கிழவிகள், வந்த இடத்தில் சாமி பார்க்காமல் இருப்பதா என்று வரிசையில் நின்றார்கள். அப்படி ஒரு நாள் காலை, சென்னைக் கிழவி ஒருத்தியை மலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது பாரம் முழுவதும் முன்னாளின் தோளில் வந்து உட்காரும். தேசப்பனின் வலது தோளில், சரியாகத் தண்டு பதியும் இடத்தில், முந்தின நாள் எல்லம்மாள் பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியை வைத்து எடுத்திருந்தாள்.

டோலிக்காரர்களுக்கு ஒரு கட்டளை உண்டு. தோள் மாற்றுவது மண்டபத்தில்தான். படியில் மாற்றவே கூடாது. மாற்றியே தீரவேண்டுமென்றால் “மாத்து” என்று குரல் கொடுத்து, பின்னாள் நின்று “ஆங்” என்று சொன்ன பிறகுதான். தேசப்பன் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் குரல் கொடுக்காமல் தண்டை இடது தோளுக்குத் தள்ளினான். தண்டு வழுக்கியது. கிழவி பலகையோடு படியில் போய் உட்கார்ந்து, “முருகா, கொன்னுட்டானே!” என்று அலறினாள். அடி ஒன்றும் இல்லை. ஒரு கை அகலம் தள்ளி விழுந்திருந்தால் முப்பது படி உருண்டிருப்பாள்.

அடிவாரத்தில் டோலிக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“கொரல் குடுக்காம மாத்தினியாமே? இன்னாடா ஆச்சு உனக்கு?”

“தோள்ல சூடு பட்டுக்கீது.”

“எப்படிப் பட்டுது?”

அவன் ‘அடுப்பு’ என்று சொல்லியிருக்கலாம். அதற்குத் தயாராக வாயைத் திறந்தவன், கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த கிழவியைத் திரும்பிப் பார்த்தான். “என் பொஞ்சாதி சுட்டுட்டா” என்றான்.

மரத்தடி குலுங்கியது. ஒருவன் தரையில் உட்கார்ந்தே சிரித்தான். பச்சையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. சும்மாட்டுத் துணியைச் சரவணப்பொய்கைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து அந்தத் தோளில் போட்டான்.

“இன்னா செய்யப்போற பாவா?”

“பஞ்சாயத்துல கேக்கப்போறேன். தீத்துவெக்கச் சொல்லி.”

“இன்னான்னு சொல்லிக் கேப்ப?”

“நடந்தத சொல்லித்தான்.”

“அவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் கேப்பேன். நான் என்னை மட்டும் தூக்கிகினு போறவன் இல்ல. இன்னொரு ஆளைத் தூக்கிகினு போறேன்.”

அவர்கள் ஜனத்தில் புருஷன் பெண்டாட்டியைப் பிரிப்பதற்குக் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஜனத்துக்குத் தலைவரான பெரியதனக்காரர் முன்னால் இருவரும் ஒரு துரும்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொள்ள, அவர் காரணத்தை உரக்கச் சொல்வார். இருவரும் இழுத்து முறிப்பார்கள். அன்றோடு தீர்ந்தது. யார் வேண்டுமானாலும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். அடி தாங்காமல் வரும் பெண்களுக்கு அங்கே ஒரு முறையும் இருந்தது. வயதான தாயம்மாள் அவளை மறைவுக்கு அழைத்துப்போய்க் காயத்தைப் பார்ப்பாள். பிறகு பெரியதனக்காரர் நான்கு கேள்வி கேட்பார்: எதால் அடித்தான், எத்தனை தடவை, யார் பார்த்தது, நீ திருப்பி அடித்தாயா. இத்தனையும் கேட்டுவிட்டு அவளை அவனோடேயே திருப்பி அனுப்பியதுதான் அதிகம் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் கேட்கவாவது கேட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நந்தியாற்றங்கரை நாவல் மரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. பெரியதனக்காரர் வேதாசலம் அறுபது வயதுக்காரர்; நிதானமானவர், தன் அளவில் நியாயமானவர். தேசப்பன் அவர் எதிரே நின்று, “எல்லம்மா என்னை அடிக்கிறா நைனா. ஆறு வருசமா. தீத்துவெச்சிடுங்க” என்றான்.

எதிர்பார்த்தபடியே சிரித்தார்கள். வேதாசலமும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். எல்லம்மாள் எதிர்ப்பக்கம் கைகட்டி நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

“டேய், இத்த ஒரு காரணம்னு எப்படிடா சொல்றது?” என்றார் வேதாசலம். பிறகு குரலைத் தணித்தார். அவனுக்கு உதவி செய்வதாகவே நினைத்தார். “இதோ பாரு. ‘அவ நடத்தை சரியில்ல’ன்னு ஒரு வார்த்தை சொல்லு. சாட்சி வேணாம், ஒண்ணும் வேணாம். இப்பவே துரும்ப எடுக்கறேன்.”

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கவனிக்கவேண்டியது. ஓர் உண்மையைக் கேட்டு விழுந்து சிரித்தவர்கள், ஒரு பொய்யை நல்ல யோசனை என்று தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். எல்லம்மாளின் முகம் வெளுத்தது. அந்த ஒரு வார்த்தையைத் தேசப்பன் சொன்னால் அவள் இந்தத் தாலுக்காவில் எங்கும் தலைகாட்ட முடியாது.

“அவ அப்படிப்பட்டவ இல்ல நைனா” என்றான் தேசப்பன். “அடிக்கிறா. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு சொல்லு நான் சொல்லமாட்டேன்.”

“அப்போ போயி ஒழுங்கா குடும்பம் பண்ணு.”

“ஒரு பொம்பளை அடிபட்டு வந்தா நாலு கேள்வி கேப்பீங்களே. அத்த என்னைக் கேளுங்க.”

“அது பொம்பளைங்களுக்கு.”

“முதுகு எல்லாருக்கும் ஒண்ணுதானே நைனா.”

சொல்லிவிட்டு மேல்துண்டை எடுத்துக் கீழே போட்டான். தாயம்மாளை நோக்கித் திரும்பி நின்றான். அவள் வேதாசலத்தைக் கேட்கவில்லை. எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மற்றப் பெண்களைப் பார்ப்பதைப் போலவே நிதானமாகப் பார்த்தாள். “சூடு ஒண்ணு, பச்சையா கீது. தடிப்பு அஞ்சாறு. பழசு எண்ண முடியல” என்றாள்.

“டோலி தூக்கறவன். தண்டு பட்டிருக்கும்” என்றது ஒரு குரல். “அவனே அப்படித்தான் சொல்லிகினு இருந்தான்.”

இது தேசப்பனின் சொந்தத் தவறு. ஆறு வருஷம் வெட்கத்துக்காகச் சொன்ன பொய் அவனுக்கு எதிர்ச்சாட்சியாக வந்து நின்றது. அப்போது பச்சையப்பன் எழுந்தான்.

“நானும் தண்டு தூக்கறவன்தான். வந்து என் முதுகப் பாருங்க. தண்டு தோளத்தான் கடிக்கும், முதுகக் கடிக்காது. சுடவும் சுடாது. நான் இவன் பின்னால அஞ்சு வருசமா நடக்கறேன். எந்த மாசம் எந்தத் தடிப்புன்னு கேளுங்க, சொல்றேன். கேக்காம இருந்தது என் தப்பு.”

வேதாசலம் துண்டை மடியில் வைத்தார். “எதால அடிச்சா?” என்று தொடங்கினார். தேசப்பன் சொன்னான். எத்தனை தடவை என்ற இரண்டாவது கேள்வியின்போது இன்னும் ஒருவன் சிரித்தான். மூன்றாவதன்போது யாரும் சிரிக்கவில்லை. நான்காவதை அவர் கேட்டபோது, அவன் “இல்ல” என்றான். அதை யாரும் நம்பாமல் இல்லை.

“எல்லம்மா, நீ இன்னா சொல்ற?”

“ஆங், அடிச்சேன்.”

“ஏன்?”

“கோவம் வந்துது.”

“கோவம் வந்தா புருசன அடிக்கறதா?”

“ஆம்பளைங்க கோவம் வந்தா இன்னா செய்றாங்களோ, அத்தத்தான் செஞ்சேன்.” கட்டியிருந்த கையைப் பிரித்தாள். “எங்க அக்கா தேவகிய அவ புருசன் பல்லு ஒடையற அளவுக்கு அடிச்சான். இதே மரத்தடிக்கு வந்தா. நாலு கேள்வியும் கேட்டுட்டு, ‘புருசன்தானே, அனுசரிச்சுக்கினு போ’ன்னு அம்மையார்குப்பத்துக்கே திருப்பி அனுப்புனீங்க. இவன நான் அடிச்சது தெரிஞ்சதும் ஊரே சிரிச்சுது. அடிச்சா ஒரு தபா பொறுத்துக்கோம்பாங்க, ஒரு தபா சிரிப்பாங்க. தப்புன்னு சொல்ல யாராவது இருந்தீங்களா? நானும் தப்பில்லன்னு நெனச்சுகினேன்.”

அது நேர்மையான பதில். நல்ல பதில் என்று சொல்ல முடியாது. அக்காளின் பல்லை உடைத்தவன் தேசப்பன் அல்ல. ஆனால் அவளைத் திருப்பி அனுப்பியவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

வேதாசலம் வைக்கோல் துரும்பு ஒன்றை எடுத்தார். ஒரு முனை தேசப்பனிடம், மறுமுனை எல்லம்மாளிடம். “தேசப்பனுக்கும் எல்லம்மாளுக்கும் ஒத்துப்போவாத காரணத்தால” என்று தொடங்கினார்.

“அப்படி இல்ல நைனா” என்றான் தேசப்பன். துரும்பை இழுக்காமல் பிடித்திருந்தான். “அடிச்ச காரணத்தால.”

“ரெண்டும் ஒண்ணுதாண்டா. இழு.”

“ஒண்ணு இல்ல.”

“பொம்பள புருசன அடிச்சான்னு இந்த வாயால சொல்லித் தீத்துவெச்சா, பஞ்சாயத்துக்கு இன்னா மரியாதை?”

“நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தன் வந்து நின்னா, அவன் எத்தச் சொல்லிக் கேப்பான்? இல்ல தேவகி மாதிரி ஒருத்தி திரும்பி வந்தா? அடிச்சது ஒரு காரணம்னு இன்னிக்கி ஒரு தபா சொல்லிட்டா, அப்புறம் அது அவங்களுக்கும் காரணம். சொல்லாம வுட்டா எனக்கு மட்டும் வுடுதலை. அது எனக்கு வேணாம்.”

வெயில் மரநிழலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. சிலர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். துரும்பு அவர்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே இருந்தது. முதலில் பேசியவள் எல்லம்மாள்.

“சொல்லுங்க நைனா. செஞ்சதுதானே.”

அவர் சொன்னார். “எல்லம்மா தன் புருசன் தேசப்பன அடிச்ச காரணத்தால” என்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார். இருவரும் இழுத்தார்கள்.

எல்லம்மாள் அன்று மாலையே அம்மையார்குப்பத்துக்கு நடந்தாள். அடுத்த பஞ்சாயத்துக்குத் தேவகியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து நிறுத்தினாள். வேதாசலம் இம்முறையும் அவளைத் திருப்பி அனுப்ப வழி தேடினார். அவர் சொன்ன வார்த்தையே குறுக்கே நின்றது.

தேசப்பனின் தோள் ஆற இருபது நாள் ஆயிற்று. அதுவரை பின்னாளாக நடந்தான். அடிவாரத்தில் கேலி உடனே நின்றுவிடவில்லை. ஒருவன், “பொஞ்சாதிகிட்ட அடி வாங்கினவன் தானே நீ?” என்று கேட்டான்.

“ஆங், வாங்கினேன்” என்றான் தேசப்பன். “பஞ்சாயத்துல சொல்லித் தீத்துகினேன். உன் வூட்ல அடி வாங்கறவ எப்ப வந்து சொல்லப்போறா?”

மேலே போக ஒரு கிழவர் காத்திருந்தார். தேசப்பனும் பச்சையப்பனும் தண்டின் கீழே குனிந்தார்கள்.